இடமறிதலும் செய்தி விடுத்தலும்



நமது தீவைப் பற்றி உரோம அறிஞர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலே எழுதிவைத்த குறிப்புகளுள் ஒன்று கடலோடிகளைப் பற்றியது. தப்பிரபேன் என அவர் வழங்கிய இத்தீவின் மாலுமிகள் விண்மீன்களை நோக்கிக் கலஞ் செலுத்துவதில்லை என்றும், பறவைகளை உடன் கொண்டுசென்று இடையிடையே பறக்கவிட்டு, அவை கரை நாடிச் செல்லும் திசையைத் தாம் பின்பற்றுவர் என்றும் அவர் கூறுகிறார். விண்மீனறியாத மாலுமி இந்து சமுத்திரத்திலே நெடுங்காலம் பிழைத்திருக்க இயலாதென்பது என் எண்ணம். ஆயின் பறவையைப் பற்றிய செய்தி நம்பத்தக்கதே. கடலில் மிதப்போனுக்கு வினாக்கள் இரண்டு. நான் எங்கே நிற்கிறேன் என்பது ஒன்று. அதனைப் பிறருக்கு எங்ஙனம் அறிவிப்பேன் என்பது மற்றையது. பறவை முதல் வினாவுக்கு ஒருவாறு விடை தந்தது. இரண்டாம் வினாவுக்கோ, கண்ணுக்கெட்டிய தூரத்துக் கொடியையும் விளக்கையும் தவிர, கம்பியில்லாத் தந்தி தோன்றும் வரை விடையே இல்லை. இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடைகள் நெடுங்காலம் வெவ்வேறு கருவிகளாய், வெவ்வேறு மனிதர் கையிலிருந்து, ஈற்றில் விரல் நீளமுள்ள ஓர் அன்ரனாவிலே வந்து கூடிய வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகிறேன்.

1912 ஏப்பிரல் 14 ஆம் நாள் இரவு டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியபோது, இவ்விரு பணிகளும் அக்கப்பலில் இரண்டு அறைகளில் நடைபெற்றன. படவறையிலே அதிகாரி பொக்ஸ்ஹோல், மாலையில் விண்மீன்களை அளந்து பெற்ற நிலையையும் கப்பலின் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டு ஒரு தாளிலே இடத்தைக் குறித்தார். அத்தாள் கம்பியில்லாத் தந்தி அறைக்குச் சென்றது. அங்கே பிலிப்ஸ் என்ற இளைஞர் அதனை வானிலே தட்டினார். கணக்கிற் பிழை நேர்ந்திருந்தது. 1985 செப்டெம்பரில் கப்பலின் சிதைவுகள் கடலடியிற் காணப்பட்டபோது, அவை அன்று அறிவித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 13 கடல் மைல் கிழக்கே கிடந்தன. உதவிக்கு விரைந்த கார்ப்பேதியா தென்கிழக்கிலிருந்து வந்தமையால் உயிர்காப்புப் படகுகள் அதன் வழியிலேயே எதிர்ப்பட்டன. வடமேற்கிலிருந்து வந்திருப்பின் என்னவாகியிருக்கும்? இடமறிந்தவன் ஒருவன், செய்தி விடுத்தவன் மற்றொருவன்; இருவருக்கும் இடையே ஒரு தாள். அத்தாளில் எழுதியதைச் சரிபார்க்க எவருக்கும் வழியிருக்கவில்லை.

ஒரே அன்ரனாவை இரு பணிக்கு வைத்தல் என்னும் எண்ணம் முதன்முதலில் வலுப்பெற்றது ராடார்க் கலையிலேயாம். பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர்க் கரையோரமெங்கும் நாட்டிய ராடார் நிலையங்களில் அலை விடுப்பதற்கு 360 அடி உயரமான உருக்குக் கோபுரங்களும், அதன் எதிரொலியை வாங்குவதற்கு 240 அடி உயரமான மரக் கோபுரங்களும் தனித்தனியே நின்றன. கரையிலே இடத்துக்குப் பஞ்சமில்லை. கப்பலிலோ ஒரு பாய்மரந்தான் உண்டு. ஆகவே அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் பேஜ் முதலியோர், 1936 ஆம் ஆண்டிலே ஒரே அன்ரனாவால் விடுத்தலும் வாங்கலும் செய்யும் ஒழுங்கினை இயக்கிக் காட்டினர். வலிய துடிப்பு வெளிச்செல்லும் கணத்தில் வாங்கியின் வாயில் அடைபடும். துடிப்பு சென்று முடிந்ததும் வாயில் திறந்து மெல்லிய எதிரொலி உட்புகும். பேரொலி எழுப்புவோனும் இரகசியம் கேட்போனும் ஒரே வாசலைப் பயன்படுத்துவதாயின், வாயிற்காவலன் கண்ணிமைக்காது நிற்க வேண்டும். பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் இதுவே தலைப்பாடம்.

செய்மதிக் காலத்துக்கு வருவோம். 1956 இல் நம் நாட்டுக்கு வந்து குடியமர்ந்து 2008 இல் கொழும்பிலேயே காலமான ஆர்தர் சி. கிளார்க் அவர்களை நேயர்கள் அறிவீர்கள். பூமியோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்கள் உலகு முழுவதற்கும் செய்தியை அஞ்சல் செய்யலாம் என்று அவர் 1945 ஒக்டோபரில் ஒரு வானொலிச் சஞ்சிகையிலே எழுதியது பலரும் அறிந்தது. 1956 இல் எழுதிய கடிதமொன்றில், கைக்கடிகாரம் போன்ற சிறு கருவியால் எவரும் தம் இடத்தை அறியக்கூடிய காலம் வரும் என அவர் குறித்தமை அத்துணை பரவலாக அறியப்படவில்லை. இரு வினாக்களுக்கும் செய்மதியிலே விடை கண்ட ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார் என்பதை மாணவருக்குச் சொல்லும்போது எனக்கு உவகையுண்டு.

அடுத்த ஆண்டே, 1957 ஒக்டோபர் 4 இல், ருஷியரின் ஸ்புட்னிக் பறந்தது. மேரிலாந்திலிருந்த ஓர் ஆய்வுகூடத்திலே கையர், வைபன்பாக் என்னும் இளைஞர் இருவர் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். புகைவண்டி நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் ஏறியும், கடந்தபின் இறங்கியும் கேட்பது போல, செய்மதியின் மீடிறனும் ஏறி இறங்கியது. அந்த ஏற்றவிறக்கத்தைக் கொண்டே அதன் பாதையை அவர்கள் கணித்துவிட்டனர். மறு ஆண்டு அவர்களுடைய தலைவர் மக்கிளூர் வினாவைத் திருப்பிப் போட்டார். செய்மதியின் பாதை தெரிந்திருப்பின், கேட்பவனுடைய இடத்தை அறியலாமன்றோ? இதிலிருந்து பிறந்ததே டிரான்சிற் என்னும் இடமறி முறை. 1964 முதல் அமெரிக்கக் கடற்படைக்கும் 1967 முதல் பொதுமக்களுக்கும் உதவி, 1996 ஆம் ஆண்டு முடிவிலே அது ஓய்வு பெற்றது.

மக்கிளூரின் வினாவை மீண்டும் ஒருமுறை புரட்டியது, 1978 இல் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கரும் சேர்ந்து தொடங்கிய ஆர்கோஸ் முறை. இதிலே கடலில் மிதக்கும் கருவி ஒலிக்கும், செய்மதி கேட்கும். கருவி சொல்லும் செய்தியைச் செய்மதி குறித்துக்கொள்வதோடு, அச்செய்தியின் மீடிறன் ஏறி இறங்குவதைக் கொண்டு கருவியின் இடமும் கரையிலே கணிக்கப்படும். செய்தியே இடமுமாயிற்று. ஒரு சிறு கம்பி, ஒரு விடுப்பி, வேறொன்றும் வேண்டியதில்லை. இத்தகைய எளிமை பின்னர் வந்த எந்த முறையிலும் இல்லை என்பேன். ஆனால் அதற்குரிய விலை பின்னர்த் தெரியவந்தது.

ஆழ்கடல் நீரோட்டத்தை அறிய முயன்றோரின் கதை இங்கேதான் வந்து சேருகிறது. 1955 இல் ஆங்கிலேயரான ஜோன் சுவாலோ, அலுமினியக் குழாய்களால் ஆகிய மிதவையொன்றைச் செய்தார். அது குறித்த ஆழத்துக்கு அமிழ்ந்து, மேலும் அமிழாமலும் மேலெழாமலும் நீரோடு ஓடும். கப்பல் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டே பின்தொடர வேண்டும். ஒரு மிதவைக்கு ஒரு கப்பல் என்றால் சமுத்திரத்தை அளந்து முடிப்பது எக்காலம்? 1990 ஆம் ஆண்டை ஒட்டி றஸ் டேவிஸ், டக் வெப் ஆகியோர் கப்பலை விலக்கிவிட்டனர். அவர்களுடைய மிதவை தன் உடலின் பருமனைச் சிறிது மாற்றித் தானே மேலெழும். ஆர்கோஸ் வாயிலாகத் தன் செய்தியைச் சொல்லி மீண்டும் அமிழும். இதன் வழித்தோன்றலே 2000 ஆம் ஆண்டு முதல் உலகக் கடல்களில் இடப்பட்டுவரும் ஆர்கோ மிதவைகள். ஆர்கோஸ் என்பது செய்மதி முறை, ஆர்கோ என்பது மிதவைத் திட்டம். பெயர் ஒத்திருப்பதால் நேயர்கள் மயங்கலாகாது. கிரேக்கக் கதையின் வீரன் ஜேசன் ஏறிய கலத்தின் பெயர் ஆர்கோ. கடல்மட்டத்தை அளக்க 2001 டிசெம்பரில் ஏவிய செய்மதிக்கு ஜேசன் என்று பெயரிட்டு இணை சேர்த்தனர்.

ஆர்கோ மிதவை பெரும்பாலும் 1000 மீற்றர் ஆழத்திலே ஒன்பது நாள் வரை ஓடும். பின்னர் 2000 மீற்றர் வரை இறங்கி, அங்கிருந்து மேலெழுந்து வரும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை இது நிகழும். பிழை மேற்பரப்பிலே தான் நேர்ந்தது. ஆர்கோஸ் ஒருவழிப் பாதை. செய்மதி கேட்டதா இல்லையா என்பதை மிதவை அறியாது. ஒரு செய்திக்கு 32 பைற்றுக்கு மேல் இடமில்லை. ஆதலால் தலைக்குமேல் செய்மதி உண்டோ இல்லையோ, மிதவை தன் கூற்றைத் திரும்பத் திரும்ப உரைத்தபடி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை அலையிலே கிடந்தது. அதற்குள் காற்றும் மேனீரோட்டமும் அதனைப் பல கிலோமீற்றர் இழுத்துச் செல்லும். ஆழத்தின் ஓட்டத்தை அறிய விட்ட கருவி மேற்பரப்பின் ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கைக் குழப்பும். மின்கலம் வீணாகும். பாசியும் சிப்பியும் ஒட்டும். கப்பல் மோதலாம், மீனவர் வலையில் ஏறலாம்.

இதற்கு மாற்றாக வந்தவை இரண்டு. முதலாவது ஜி.பி.எஸ். அதன் முதற் செய்மதி 1978 பெப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்டெம்பரில் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டதன் பின், இம்முறை பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என ஜனாதிபதி றேகனின் அரசு அறிவித்தது. 1995 இல் முறை முழுமையடைந்தது. வேண்டுமென்றே இட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. மற்றையது இரிடியம் என்னும் தொலைபேசிச் செய்மதித் தொகுதி. 780 கிலோமீற்றர் உயரத்திலே 66 செய்மதிகள். 1998 நவெம்பரில் சேவை தொடங்கி, வாடிக்கையாளர் வாராமையால் மறு ஆண்டு ஓகஸ்ட் மாதமே வங்குரோத்தாயிற்று. செய்மதிகளை வளிமண்டலத்தில் வீழ்த்தி எரித்துவிடும் ஏற்பாடும் நடந்தது. 2000 டிசெம்பரில், கோடிக்கணக்கில் அன்றி நூறு கோடிக்கணக்கில் டொலர் விழுங்கிய அத்தொகுதியை இரண்டரைக் கோடி டொலருக்குப் புதியவர்கள் வாங்கினர். வணிகருக்கு அவலமாய் முடிந்தது கடலாராய்வோருக்கு வாய்ப்பாயிற்று. இரிடியம் இருவழிப் பாதை. மிதவை சொல்லவும் செய்யும், கேட்கவும் செய்யும்.

இப்பொழுது மிதவைக்கு இரண்டு கருவிகள் வேண்டும்: இடமறிய ஒரு ஜி.பி.எஸ். வாங்கி, செய்தி விடுக்க ஓர் இரிடியம் மோடம். ஆர்கோஸ் ஒன்றாக்கி வைத்திருந்ததை முன்னேற்றம் மீண்டும் இரண்டாக்கிவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி அன்ரனா வைத்தாலென்ன என்று கேட்கலாம். 2000 மீற்றர் ஆழத்திலே ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஒரு தொன்னுக்கும் அதிகமான பாரம் அழுத்துகிறது. மிதவையின் மூடியில் இடும் ஒவ்வொரு துளையும் கடல் உட்புகப் பார்த்திருக்கும் வாயில். மேலும், மேற்பரப்பில் நிற்கும்போது நீருக்கு மேலே தலைகாட்டுவது சிறு பகுதியே. உச்சியிலே பாரம் கூடினால் அது சாயும். எனவே ஒரு துளை, ஓர் அன்ரனா என்பது வசதிக்காகக் கொண்ட முடிவன்று, கடல் விதித்தது.

இயற்கை இதற்கு ஒருவாறு இடங்கொடுத்தது. ஜி.பி.எஸ். அலையின் மீடிறன் 1575.42 மெகாஹேர்ட்ஸ், இரிடியத்தினுடையது 1616 முதல் 1626.5 வரை. அலைநீளமாகச் சொல்வதாயின் ஒன்று 19 சென்ரிமீற்றர், மற்றையது பதினெட்டரை. இரண்டும் வலமாகத் திருகிவரும் அலைகள். இரண்டும் வானமெங்கும் பரந்த பார்வையை வேண்டுவன. சற்றே அகன்ற வீச்சுடையதாக அமைத்த ஒரே அன்ரனா இரண்டுக்கும் போதும். ஆனால் நெருக்கமே துன்பமுமாகும். இரிடியம் மோடம் ஒன்றிரண்டு வாற்று முதல் ஏழு வாற்று வரை வலுவோடு பேசுகிறது. 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வந்துசேரும் ஜி.பி.எஸ். அலையோ, ஒரு வாற்றைக் கோடி கோடியாகப் பகுத்து அதனையும் நூறாகப் பகுத்தால் வரும் அளவினது. மீடிறன்கள் தொலைவிலிருந்தால் வடிகட்டியால் எளிதிலே பிரித்துவிடலாம். மூன்று சதவீத இடைவெளியில் அது கடினமும் செலவுமாகும். மேலும், சாதாரண ஜி.பி.எஸ். அன்ரனாக்கள் பலவற்றின் தலையிலே ஒரு பெருக்கி இருக்கும். அது ஒருவழிக் கதவு. உள்வருவதைப் பெருக்கும், வெளிச்செல்வதை விடாது. ஆகையால் பொதுவான அன்ரனாவில் பெருக்கி வைத்தலாகாது. அதனை ஆளிக்கு உட்புறமாக, ஜி.பி.எஸ். கிளையிலே வைத்தல் வேண்டும்.

ஆம், ஆளி. 1936 இன் வாயிற்காவலன் இங்கே ஒரு சிறு மின்னாளியாக மீண்டும் வருகிறான். பாடசாலையில் ஒரே மண்டபத்தில் சங்கீத வகுப்பும் பரீட்சையும் வைக்க நேர்ந்தால் அதிபர் என்ன செய்வார்? நேரசூசி போடுவார். மிதவையும் அதையே செய்கிறது. மேலெழுந்ததும் ஆளி ஜி.பி.எஸ். பக்கம் நிற்கும். முதலிற் கேட்டல். பத்து நாள் ஆழத்திலே கிடந்தமையால் செய்மதிகளின் பாதை விவரம் பழையதாகியிருக்கும். அது சில மணி நேரத்துக்கே செல்லும். புதிய விவரம் செக்கனுக்கு 50 பிற் என்ற நத்தை வேகத்திலே வருவது. ஒரு செய்மதியினுடைய பாதையை முற்றாகக் கேட்க 30 செக்கன் ஆகும். அலை ஒன்று அன்ரனாவை மூடினால் மீண்டும் காத்திருக்க வேண்டும். இந்நேரத்தில் மோடம் வாய்திறவாதிருத்தல் வேண்டும். இடம் தெரிந்ததும் ஆளி புரளும். இடத்தையும், நீர்நிரலின் அளவுகளையும் மோடம் உரைக்கும். முன்னர் எழுபது எண்பது ஆழங்களில் எடுத்த அளவுகளை அனுப்பிய இடத்தில் இப்பொழுது ஆயிரம் ஆழங்களின் அளவுகளை அனுப்பலாம். அரை நாளாயிருந்த மேற்பரப்பு வாசம் பதினைந்து இருபது நிமிடமாயிற்று. இரிடியம் தானும் ஒரே மீடிறனில் மாறி மாறிப் பேசியும் கேட்டும் இயங்குவதாதலால், அதன் பங்குக்கு வேறோர் அன்ரனா வேண்டப்படவில்லை. டைட்டானிக்கின் இரு அறைகளும் அவற்றிடையே சென்ற தாளும் ஓர் ஆளிக்குள் அடங்கின.

கப்பல்களிலும் இது நிகழாமல் இல்லை. இன்மார்சற்-சி எனப்படும் சிறு கருவிகள் பலவற்றில் ஜி.பி.எஸ். வாங்கியும் அதே குமிழுக்குள் அமைக்கப்பட்டது. அபாயப் பொத்தானை அழுத்தினால் கப்பலின் இடம் தானே செல்லும். ஆயினும் மிதவையில் உள்ள நெருக்கடி கப்பலில் இல்லை.

இதனால் நமக்கென்ன? 1978 நவெம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவுகூருவோர் கிழக்கிலே இன்றும் உளர். பல நூறு உயிர்களையும் கணக்கற்ற தென்னைகளையும் கொண்டுசென்ற புயல் அது. ஜி.பி.எஸ்., ஆர்கோஸ் இரண்டின் முதற் செய்மதிகளும் அதே ஆண்டிலே தான் வானேறின. ஆனால் அன்று வங்காள விரிகுடாவின் மேற்பரப்புக்குக் கீழே எவ்வளவு வெப்பம் சேர்ந்திருந்தது என்பதை நாள்தோறும் சொல்லக்கூடிய கருவியொன்றும் அங்கே இருக்கவில்லை. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகளின் நன்னீர் அவ்விரிகுடாவின் மேலே ஒரு போர்வையாய்ப் பரந்து, கீழுள்ள உவர்நீரோடு கலவாது நிற்கிறது. ஆதலால் புயல் கிளறும்போதும் குளிர்நீர் எளிதில் மேலெழாது. வெப்பம் புயலுக்கே உணவாகும். அப்போர்வையின் தடிப்பை அறிய உவர்ப்பு அளவு வேண்டும். அவ்வளவு எவ்விடத்தில் எடுத்தது என்பதும் வேண்டும். இடமில்லாத அளவு வெறும் எண். இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் முதலியவை விரிகுடாவின் மிதவைகளிலிருந்து இவற்றைப் பெற்று எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகின்றன.

ஒரு சட்டப் பிரச்சினையும் எழுந்தது. மிதவை எல்லைக்கோடு அறியாது. ஒரு நாட்டினர் இட்டது மற்றொரு நாட்டின் கடலுக்குள் ஓடிவிடும். பிறர் கருவி தம் கடலை அளப்பதைக் கரையோர நாடுகள் ஐயத்தோடு நோக்கியது இயல்பே. சிறிய நாடுகளுக்கு அவ்வையம் இருக்கத்தான் வேண்டும். யுனெஸ்கோவின் கீழுள்ள அரசாங்கங்களுக்கிடையிலான சமுத்திரவியல் ஆணைக்குழு, 1999 இல் நிறைவேற்றிய தீர்மானத்தில், தம் கடலுக்குள் புகக்கூடிய மிதவைகள் பற்றி அந்நாடுகளுக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும் என்றது. அறிவிப்பதற்கு மிதவையின் இடம் தெரிதல் வேண்டும். துல்லியமான இடம் என்பது ஆராய்ச்சிக்கு மட்டுமன்றி அயலவரோடு வழக்கின்றி வாழ்வதற்கும் வேண்டியதாயிற்று.

2007 நவெம்பரில் மிதவைகள் மூவாயிரம் என்னும் தொகையை எட்டின. 2012 நவெம்பரில் பத்து இலட்சமாவது நீர்நிரல் அளக்கப்பட்டது. இருபது இலட்சத்தை எட்ட அதன்பின் ஆறு ஆண்டே சென்றது. இதற்கிடையே இரிடியத்தின் செய்மதிகளும் மூப்படைந்தன. 2017 முதல் 2019 தொடக்கம் வரை புதியவை ஏவப்பட்டு அவற்றின் இடத்தை ஏற்றன. மிதவைகளுக்கு அம்மாற்றம் தெரியாது. அதே அன்ரனாவால் அதே முறையில் பேசின.

இவ்வொழுங்குக்குத் தோல்வி நேரும் இடமும் உண்டு. அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த கடலிலே மாரிக்காலத்தில் மேற்பரப்பு உறைந்துவிடும். கீழிருந்து எழும் மிதவை பனிக்கட்டியில் மோதினால் முதலில் நசுங்குவது அன்ரனாவே. அன்ரனா போனால் இடமும் போயிற்று, சொல்லும் போயிற்று. ஆகையால், மேலெழும் வழியில் நீரின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கக் கண்டால், மிதவை ஏற்றத்தை நிறுத்தி, எடுத்த அளவுகளை நினைவிலே வைத்துக்கொண்டு மீண்டும் அமிழும்படி அதற்குக் கற்பித்துள்ளனர். மாதங்கள் பல செல்லலாம். வசந்தத்தில் பனி விலகியதும் மேலே வந்து, முதலிலே வானத்தைக் கேட்டுத் தன் இடத்தை அறிந்து, பின் மாரி முழுவதும் சேர்த்துவைத்த அளவுகளையெல்லாம் ஒருங்கே சொல்கிறது. பனிக்கடியில் எடுத்த அந்த அளவுகள் எங்கெங்கே எடுக்கப்பட்டன என்பது மட்டும் அதற்குத் தெரியாது. மூழ்குமுன் இருந்த இடத்துக்கும் மீண்டு எழுந்த இடத்துக்கும் இடையே கரையிலுள்ளோர் ஒரு கோடு வரைந்து, அளவுகளை அதன்மீது பகிர்ந்து, ஒவ்வொன்றின் அருகிலும் இவ்விடம் மதிப்பீடே என்று குறித்துவைக்கின்றனர்.